எக்ஸ்சேஞ்சில் வண்டி போகும்போது நம்பர் நம்மோடு வருமா? மலையக வாகன உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை, கண்டி, மாத்தளைப் பக்கம் பழைய வண்டியைக் கார் சேலில் (வண்டி வாங்கி விற்கும் நிலையத்தில்) கொடுத்து, மேல்காசு போட்டு வேறு வண்டி எடுப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலானோர் நம்பரைக் காப்பாற்றுவது எப்படி என்றுதான் தொடங்குகிறார்கள். ஆனால் வண்டி போன பிறகும் அந்த நம்பரில் தன் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதைத்தான் இலங்கையில் விற்பவர் முதலில் பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியது. பிரித்தானியாவில் இருக்கும் உறவினர்களுக்குச் சட்டம் வேறு என்பதால் அவர்களுக்கான பதில்கள் கடைசியில் உள்ளன.

என் காரின் நம்பர் எங்களுக்கு ராசியான நம்பர். காரை எக்ஸ்சேஞ்ச் கொடுத்துவிட்டு அந்த நம்பரைப் புதுக் காருக்குப் போட்டுக்கொள்ள முடியுமா?

இலங்கையில் முடியாது. இங்கே பதிவு எண் வண்டிக்குச் சொந்தம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதன்முறை பதியும்போது சேசிஸ் எண் (வண்டியின் உடற்சட்டத்தில் பொறித்த எண்), இன்ஜின் எண் ஆகியவற்றோடு அந்த எண்ணும் சேர்த்துப் பதியப்படுகிறது. உரிமையாளர் எத்தனை பேர் மாறினாலும், வண்டி ஹட்டனிலிருந்து அம்பாறைக்குப் போனாலும் எண் மாறாது. காரைக் கொடுத்தால் எண்ணையும் கொடுத்ததாகத்தான் கணக்கு.

கூட்டு எண் 9, பிள்ளையின் பிறந்த தேதி, கோயிலில் பூசை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்த முதல் வண்டி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். 2022 எரிபொருள் நெருக்கடியில் நம்பரின் கடைசி இலக்கத்தைப் பார்த்துத்தான் எந்த நாளில் பெற்றோல் என்று முடிவானது. அதனால் எண் மீது பிடிப்பு வைத்திருப்பதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் இரண்டு வண்டிகளின் தகடுகளை மாற்றிப் பூட்டலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். வீதிச் சோதனையில் சேசிஸ் எண்ணைச் சீ.ஆரோடு, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழோடு, ஒப்பிட்டதும் அது வெளியே வந்துவிடும். அதன்பின் அபராதத்தோடு முடியாது, திருட்டு வண்டியா என்ற விசாரணை தொடங்கும்.

சரி, தகட்டையாவது கழற்றி வீட்டில் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. அரச இலச்சினையும் பாதுகாப்பு அடையாளமும் உள்ள அந்தத் தகடுகள் அந்த வண்டிக்கென வழங்கப்பட்டவை. முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள், இரண்டும் இருந்தால்தான் வாங்குபவர் வண்டியை வீதியில் இறக்க முடியும். ஞாபகம் வேண்டுமென்றால் தகடு தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். அந்தப் படம் வேறு வேலைக்கும் உதவும். கையளித்த அன்று வண்டி எந்த நிலையில் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

நம்பர் நல்ல நம்பர் என்பதற்காக எக்ஸ்சேஞ்ச் விலையைக் கூட்டிக் கேட்கலாமா?

கேட்கலாம். எண் வண்டியோடு போவதால் அதன் பெறுமதியை வண்டி விலைக்குள்தான் வாங்க முடியும். 7777 போன்ற ஒரே இலக்கத் தொடருக்கும், ஏறுவரிசை எண்களுக்கும் ஆசைப்படுவோர் உண்டு. கார் சேல்காரர் அதற்குத் தனியாகக் காசு தர மாட்டார். அதற்கு ஆசைப்படும் ஆளுக்கு நேரடியாக விற்றால்தான் அந்த வித்தியாசம் உங்கள் கைக்கு வரும். 8 வரும் எண்ணையும், கூட்டினால் 8 வரும் எண்ணையும் சனி என்று ஒதுக்குபவர்கள் நம் பக்கம் நிறைய. அதைச் சொல்லி விலையை இறக்கப் பார்த்தால் இணங்க வேண்டியதில்லை. இன்ஜினும் பாடியும் எப்படி இருக்கின்றன என்பதை வைத்துப் பேசுங்கள்.

விலையை உண்மையில் அசைப்பது முன்னால் உள்ள எழுத்துத் தொடர். இரண்டு எழுத்துத் தொடரா, மூன்று எழுத்துத் தொடரா என்பதைப் பார்த்தே வண்டி ஏறத்தாழ எப்போது பதிவானது என்று வாங்குபவர் கணித்துவிடுவார். ஆனால் பதிவான ஆண்டும் உற்பத்தி ஆண்டும் வேறுபடலாம். ஜப்பானில் ஓடிவிட்டு வந்த வண்டிகளில் இரண்டு, மூன்று வருட இடைவெளி சாதாரணம். இரண்டுமே சீ.ஆரில் உண்டு. பேச்சுவார்த்தைக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நம்பரை விட மனமே இல்லை. ஏதாவது நேர்மையான வழி உண்டா?

ஒரே வழிதான், வண்டி வீட்டை விட்டுப் போகக் கூடாது. மகன், மகள், தம்பி என்று குடும்பத்துக்குள் ஒருவர் பெயருக்கு மாற்றினால் எண்ணும் அங்கேயே இருக்கும். வண்டி நல்ல நிலையில் இருந்து, கார் சேலில் கேட்கும் விலை மிகக் குறைவாகவும் இருந்தால் இது யோசிக்க வேண்டிய வழி. இன்ஜின் மாற்றினாலும் நிறம் மாற்றினாலும் எண் மாறாது. ஆனால் அந்த மாற்றங்களைத் திணைக்களத்துக்கு அறிவித்துச் சீ.ஆரில் பதிந்திருக்க வேண்டும்.

கார் சேலில் சாவியைக் கொடுத்தால் என் வேலை முடிந்ததுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான பதில் இதுதான். சாவி கைமாறினாலும் திணைக்களப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே இருப்பது உங்கள் பெயர். பெயர் மாற்றம் பதிவாகும்வரை சட்டத்தின் கண்ணில் நீங்கள்தான் பதிவு செய்யப்பட்ட உரிமையாளர்.

விளைவை ஒரு உதாரணத்தால் சொல்லலாம். 2024 ஜனவரி 22 முதல் கொழும்பில் போக்குவரத்து விதி மீறுபவர்களைச் சீ.சீ.டீ.வி. கேமராவில் பார்த்து அபராதம் விதிக்கும் முறை நடக்கிறது. கேமராவுக்குத் தெரிவது நம்பர் தகடு மட்டும். பொலிசார் அந்த எண்ணின் உரிமையாளர் யார் என்று பார்த்து, அவர் வசிக்கும் பகுதிப் பொலிஸ் வழியாக அறிவிக்கிறார்கள். வண்டியை ஆறு மாதத்துக்கு முன்பே விற்றுவிட்டு மஸ்கெலியாவில் இருப்பவரைத் தேடி, பொரளைச் சந்தியில் சிவப்பு விளக்கில் போனதற்கான பத்திரம் வரும். அது அபராதம் மட்டுமே. அதே வண்டி விபத்தில் ஒருவரை இடித்துவிட்டுப் போனாலோ, கடத்தலில் பிடிபட்டாலோ முதலில் அழைக்கப்படுவது நீங்கள்.

அப்படியானால் கையளிக்கும் அன்று என்னென்ன செய்ய வேண்டும்?

இரண்டு படிவங்களின் பெயரை நினைவில் வையுங்கள். எம்.டீ.ஏ. 6 என்பது புதிய உரிமையாளர் தன் பெயருக்கு மாற்றக் கேட்கும் விண்ணப்பம். எம்.டீ.ஏ. 8 என்பது வண்டியை இன்னாருக்குக் கொடுத்துவிட்டேன் என்று பழைய உரிமையாளர் தரும் அறிவித்தல். முதலாவதில் கையெழுத்து வாங்கக் கார் சேல்காரர் மறக்க மாட்டார். இரண்டாவதை யாரும் உங்களுக்கு நினைவூட்ட மாட்டார்கள். அது உங்களைக் காக்கும் தாள் என்பதால் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

எம்.டீ.ஏ. 8ஐ நிரப்பி, 14 நாட்களுக்குள், நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 14 நாள் இருக்கிறதே என்று ஆறப்போடாமல், வண்டியைக் கொடுத்த அன்றோ மறுநாளோ தபால் கந்தோருக்குப் போய்விடுங்கள். அனுப்பும் முன் நிரப்பிய படிவத்தைப் போட்டோ பிரதி எடுத்து, பதிவுத் தபால் ரசீதை அதன் மேல் பின் குத்தி வையுங்கள். அந்த ரசீது ஒரு விரல் அகலத் தாள்தான். ஆனால் இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்தில் “இந்தத் திகதிக்குப் பிறகு வண்டி என்னிடம் இல்லை” என்று சொல்லும்போது அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

அதோடு ஒரு கையளிப்புக் கடிதம் எழுதிக்கொள்ளுங்கள். வண்டியின் எண், சேசிஸ் எண், இன்ஜின் எண், ஓடிய கிலோமீற்றர், திகதி, நேரம், வாங்குபவரின் முழுப் பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். நேரம் எழுதுவதை விட்டுவிடாதீர்கள். காலை பத்து மணிக்குக் கொடுத்த வண்டி அன்றே மாலை விபத்தில் சிக்கினால், திகதி மட்டும் போட்ட கடிதம் யார் கையில் வண்டி இருந்தது என்பதைச் சொல்லாது. இருவரும் கையெழுத்திட்டு, சாட்சி ஒருவரும் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி. வாங்குபவர் கார் சேல் என்றால் நிலையத்தின் பெயரில் முத்திரையோடு வாங்குங்கள். அங்கே வேலை செய்யும் பையனின் கையெழுத்து மட்டும் போதாது.

கார் சேல்காரர் “ஓப்பன் பேப்பரில் கையெழுத்துப் போட்டுத் தாங்க, விற்றதும் மாற்றிவிடுவோம்” என்கிறார். போடலாமா?

வாங்குபவரின் பெயரும் திகதியும் இல்லாத படிவத்தில் விற்பவரின் கையெழுத்தை வாங்கி வைப்பதைத்தான் ஓப்பன் பேப்பர் என்கிறோம். இடையில் உள்ளவர் தன் பெயருக்கு மாற்றாமல், அடுத்த ஆளின் பெயரை நேரே நிரப்பிக்கொள்ள இது வசதி. அந்த வசதி முழுக்க அவர்களுக்கு, ஆபத்து முழுக்க உங்களுக்கு. வண்டி மூன்று கை, நான்கு கை மாறி, தாள் எங்கேயோ தொலைந்து, கடைசியில் வைத்திருப்பவரை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

எங்கள் கருத்து, போடாதீர்கள். கார் சேலின் பெயருக்கோ உரிமையாளரின் பெயருக்கோ எழுதித்தான் கொடுப்பேன் என்று நில்லுங்கள். சிலர் அதற்காக விலையில் கொஞ்சம் குறைப்பார்கள். குறைத்தாலும் கொடுத்துவிடுவது நல்லது. வேறு வழியே இல்லை என்ற நிலையில் மாட்டினால், குறைந்தது எம்.டீ.ஏ. 8ஐக் கார் சேலின் பெயரிட்டு நீங்களே தபாலில் சேர்த்துவிடுங்கள். வெற்று எம்.டீ.ஏ. 8இல் கையெழுத்து வைத்து அவர்களிடம் கொடுத்துவிட்டு வருவது மட்டும் வேண்டாம். உங்கள் பாதுகாப்பையே அவர்கள் மேசையில் விட்டுவந்தது போல அது.

இதே எச்சரிக்கை நீங்கள் எடுக்கும் வண்டிக்கும் பொருந்தும். எக்ஸ்சேஞ்சில் உங்களுக்கு வரும் வண்டி ஓப்பன் பேப்பரில் நிற்கிறதா என்று கேளுங்கள். சீ.ஆரில் கடைசியாக உள்ள பெயரும், படிவத்தில் கையெழுத்திட்டவரின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். அந்தப் பழைய உரிமையாளர் வெளிநாடு போய்விட்டாலோ இறந்துவிட்டாலோ ட்ரான்ஸ்பர் எனும் பெயர் மாற்றம் பெரும் அலைச்சலாகிவிடும்.

என் வண்டிக்கு லீசிங் இன்னும் முடியவில்லை. எக்ஸ்சேஞ்ச் போடலாமா?

போடலாம், ஆனால் வரிசை மாறக் கூடாது. லீசிங் உள்ள வண்டியின் சீ.ஆரில் இரண்டு பெயர் இருக்கும். பதிவு செய்யப்பட்ட உரிமையாளர் நீங்கள், பூரண உரிமையாளர் லீசிங் கம்பனி. அவர்கள் விடுவிக்காமல் பெயர் மாற்றம் நடக்காது. முதலில் கம்பனியிடம் எழுத்தில் செட்டில்மென்ட் தொகை, அதாவது கடனை முழுதாக முடிக்கக் கட்ட வேண்டிய தொகை, கேளுங்கள். அந்தத் தொகை ஒரு குறிப்பிட்ட நாள்வரைதான் செல்லும், நாள் கடந்தால் வட்டி ஏறும். கார் சேல்காரர் கட்டிவிடுவதாகச் சொன்னால், எக்ஸ்சேஞ்ச் விலையிலிருந்து அந்தத் தொகை கழிக்கப்பட்டதும், கம்பனிக்கு எந்த நாளில் கட்டுவார்கள் என்பதும் ஒப்பந்தத் தாளில் எழுதப்பட வேண்டும். கட்டிய ரசீதின் பிரதியும், பூரண உரிமையை நீக்கும் கடிதத்தின் பிரதியும் உங்கள் கைக்கு வரும்வரை விடாமல் கேளுங்கள். அவர்கள் கட்டாமல் இழுத்தால் தவணை தவறியவர் நீங்கள் என்றுதான் பதிவாகும். அடுத்த முறை லீசிங் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும்.

அடையாள அட்டையில் ஒரு பெயர், சீ.ஆரில் வேறு எழுத்தில் பெயர். ட்ரான்ஸ்பர் நிற்குமா?

நிற்கலாம். மலையகத்தில் இது மிக அதிகம். பிறப்புச் சான்றிதழில் சிங்கள உச்சரிப்பில் எழுதிய தமிழ்ப் பெயர், அடையாள அட்டையில் இன்னொரு விதம், வண்டி வாங்கும்போது ஆங்கிலத்தில் மூன்றாவது விதம். தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றில் இருக்கும், ஒன்றில் இருக்காது. எழுத்து வித்தியாசம் மட்டுமென்றால், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்து, படிவங்களோடு சேர்த்துக் கொடுங்கள். எக்ஸ்சேஞ்ச் பேசிய பிறகு ஓடாமல், பேசுவதற்கு முன்பே முடித்து வைத்தால் அவசரத்தில் விலை இறங்க வேண்டியிருக்காது.

அடையாள அட்டை எண் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம். 2016 முதல் வழங்கும் 12 இலக்க எண்ணும் பழைய எண்ணும் ஒரே ஆளைக் காட்டுபவை. பழைய எண்ணின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியம் இட்டு, முன்னால் 19 சேர்த்து, கடைசி ஆங்கில எழுத்தை எடுத்தால் புதிய எண். சீ.ஆரில் பழைய எண் இருந்தால் இரண்டு அட்டைகளின் பிரதியையும் இணையுங்கள்.

நாங்கள் இருப்பது தோட்ட லயத்தில். திணைக்களக் கடிதம் கைக்கு வருவதே இல்லை. என்ன செய்வது?

வீட்டு இலக்கம் இல்லாத முகவரியில் பதிந்த வண்டிகளுக்கு இது பெரிய இடைஞ்சல். கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கே கிடந்து, பல நாள் கழித்துக் கைக்கு வரும். அபராத அறிவித்தலாக இருந்தால் தவணை நாளே போய்விடும். சீ.ஆருக்கான முகவரியில் லயத்து எண், பிரிவின் பெயர், தோட்டத்தின் பெயர், தபால் கந்தோரின் பெயர் நான்கையும் எழுதுங்கள். “மேல் பிரிவு” என்று மட்டும் எழுதினால் ஒரே பகுதியில் பல தோட்டங்களுக்கு அந்தப் பெயர் உண்டு. வீடு மாறியவர்கள் புதிய முகவரிக்குக் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். டவுனில் கடை வைத்திருக்கும் உறவினரின் முகவரியைக் கொடுப்பவர்களும் உண்டு. அதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். அடையாள அட்டையும் வண்டியும் வேறு வேறு முகவரி காட்டினால் விற்கும் நாளில் கேள்வி வரும்.

என் வண்டி மத்திய மாகாணத் தகடு. வாங்குபவர் பண்டாரவளை. நம்பர் மாறுமா?

எண் மாறாது. மாறியது முன்னால் இருந்த மாகாண எழுத்து மட்டும். 2000இல் வந்த முறையில் மத்திய மாகாணத்துக்குச் சீ.பீ., ஊவாவுக்கு யூ.பீ., சப்ரகமுவைக்கு எஸ்.ஜீ., மேல் மாகாணத்துக்கு டபிள்யூ.பீ. என்று தகட்டின் இடப்பக்கம் சிறிதாக இருக்கும். உரிமையாளர் வேறு மாகாணத்துக்காரர் ஆனால், பழைய தகடுகளை ஒப்படைத்துப் புதிய எழுத்தோடு வாங்க வேண்டியிருந்தது. கொட்டகலையிலிருந்து வெலிமடைக்கு விற்றாலும் இந்த வேலை இருந்தது, ஏனென்றால் நடுவில் மாகாண எல்லை ஓடுகிறது. 2023 தொடக்கம் மாகாண எழுத்தைத் தகட்டிலிருந்து நீக்குவதாக அரசு அறிவித்தது. அதனால் வீதியில் இப்போது எழுத்து உள்ள தகடும் இல்லாத தகடும் கலந்து ஓடுகின்றன.

வண்டியை வீதியில் ஓட்ட ஆண்டுதோறும் எடுக்கும் ரெவனியூ லைசன்ஸ் மாகாண சபையின் விஷயம். பிரதேச செயலகத்தில் எடுக்கும்போது வண்டி எந்த மாகாணத்தில் பதிவாகியிருக்கிறது என்பது இன்னும் பார்க்கப்படுகிறது.

ஒரு தகடு தொலைந்துவிட்டது. அப்படியே எக்ஸ்சேஞ்ச் கொடுக்கலாமா?

கொடுத்தால் விலையில் வெட்டுவார்கள், சில இடங்களில் எடுக்கவே மாட்டார்கள். தோட்டத்து உள்வீதிகளில் பம்பர் அடிபட்டு முன் தகடு கழன்று விழுவது சாதாரணம். தொலைந்ததும் பொலிசில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை எடுங்கள். அதைக் காட்டித்தான் திணைக்களத்தில் மாற்றுத் தகடு கேட்க வேண்டும். டவுனில் ஸ்டிக்கர் கடையில் வெட்டி ஒட்டியது சரியான தகடு ஆகாது. தொலைந்த தகடு யார் கையில் போய், எந்த வண்டியில் ஏறும் என்று சொல்ல முடியாது. வண்டியை விற்காவிட்டாலும் முறைப்பாடு அவசியம்.

மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை தகட்டின் திருகாணிகளைப் பாருங்கள். துருப்பிடித்த திருகாணி கல் ரோட்டில் உதறி விழுந்துவிடும். துருப்பிடிக்காத திருகாணியும் ஒரு ரப்பர் வாஷரும் போட்டால் போதும்.

எங்களிடம் ஸ்ரீ நம்பர் பழைய கார் இருக்கிறது. அதைக் கொடுத்து வேறு வண்டி எடுக்கலாமா?

அவசரப்பட வேண்டாம். சிலோன் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்த எண்கள் ஒரு காலத்தில் இருந்தன. 1950களின் பிற்பகுதியில் நடுவில் ஸ்ரீ எழுத்து வந்தது. தமிழ் வாகனங்களிலும் சிங்கள எழுத்தைத் திணித்ததாக அப்போது கிளம்பிய எதிர்ப்பு இலங்கை அரசியலில் பெரிய பக்கம். பிறகு எண்கள் மட்டும், 2000இல் மாகாண எழுத்து. தோட்டத்துரைமார் ஓட்டிய மொரிஸ் மைனர், ஒஸ்ரின், லேண்ட் ரோவர் பல இன்னும் தங்கள் பழைய எண்ணோடு இருக்கின்றன. பழைய வண்டி சேர்ப்பவர்களுக்கு அந்த எண்ணே பாதி மதிப்பு. சாதாரணக் கார் சேலில் அந்த மதிப்புக் கிடைக்காது.

இந்த வண்டிகளில் அடிக்கடி சிக்குவது இன்ஜின் எண். எழுபதுகளிலேயே வேறு இன்ஜின் ஏற்றியிருப்பார்கள், சீ.ஆரில் பழைய எண்ணே இருக்கும். அதைத் திருத்தாமல் ட்ரான்ஸ்பருக்குப் போனால் திரும்பி வர வேண்டும்.

நம்பர் போனால் போகட்டும். எனக்கென்று எதுவும் மிஞ்சாதா?

மிஞ்சும். இன்சூரன்ஸில் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் எடுக்காத வருடங்களுக்காகக் கிடைக்கும் கழிவு) வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. பல வருடம் கிளெய்ம் எடுக்காமல் ஓட்டியவர் அதை விட்டுவிட்டுப் புதுக் காருக்குப் பூச்சியத்திலிருந்து தொடங்கினால் நல்ல தொகை நட்டம். வண்டியைக் கையளித்ததும் இன்சூரன்ஸ் கம்பனிக்கு எழுதி, பழைய பொலிசியை நிறுத்தி, போனஸைப் புதிய வண்டிக்கு மாற்றச் சொல்லுங்கள். கம்பனி மாறுவதென்றால் போனஸ் விகிதத்தை எழுதிய கடிதம் வாங்குங்கள். பொலிசியை நிறுத்தாமல் விட்டால், அடுத்தவர் உங்கள் பெயரிலுள்ள இன்சூரன்ஸில் ஓட்டி இடித்து, கிளெய்ம் கேட்டு, உங்கள் போனஸ் கரையும்.

ரெவனியூ லைசன்ஸில் மீதியுள்ள மாதங்கள் வண்டியோடு போகும். இன்னும் பத்து மாதம் இருந்தால் விலை பேசும்போது சொல்லுங்கள்.

பிராண்ட் நியூ வண்டி எடுக்கிறோம். நல்ல நம்பராகக் கிடைக்க என்ன செய்யலாம்?

எண் பற்றிய ஆசையை முதற்பதிவுக்கு முன்பே விற்பனையாளரிடம் சொல்லுங்கள். சேசிஸுக்கு எதிரே எண் விழுந்த பிறகு பேசிப் பயனில்லை. ஏற்கெனவே பதிவான வண்டி எடுப்பவருக்கு இருக்கும் தெரிவு, அந்த எண்ணோடு வண்டியை எடுப்பதா விடுவதா என்பது மட்டுமே. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறந்த பிறகு, புதிதாகப் பதிந்த வண்டிகளுக்குத் தகடு மாதக்கணக்கில் தாமதமானது. எண் கிடைத்தும் தகடு கையில் இல்லாத நேரத்தில் பதிவு ஆவணங்களின் பிரதியை எப்போதும் வண்டியில் வைத்திருங்கள்.

லண்டனில் இருக்கும் என் தம்பி தன் பிரைவேட் பிளேட்டைப் புதுக் காருக்கு மாற்றினானாம். அங்கே மட்டும் எப்படி?

அங்கே சட்டமே வேறு. விலை கொடுத்து வாங்கிய பிரைவேட் எண்ணைக் காட்டும் உரிமை ஆளிடம் இருக்கும். ஆனால் அந்த எண் காரில் ஏறியிருக்கும்வரை, காரை விற்றால் உரிமையும் காரோடு போய்விடும். அதனால் பழைய கார் கைமாறுவதற்கு முன்பே எண்ணைக் கழற்றிவிட வேண்டும். இந்த வரிசையைத் தவறவிட்டு எண்ணை இழந்தவர்கள் பலர்.

கழற்றுவது சுவான்சியில் உள்ள டீ.வி.எல்.ஏ. எனும் பிரித்தானிய வாகனப் பதிவு நிறுவனம் வழியாக. லாக் புக் எனப்படும் வீ5சீ பத்திரத்தில் உள்ள 11 இலக்கக் குறிப்பு எண்ணை வைத்து இணையத்திலேயே செய்யலாம், அல்லது வீ317 படிவத்தைத் தபாலில் அனுப்பலாம். கட்டணம் 80 பவுண். கழன்றதும் காருக்கு வேறு எண் வரும், பெரும்பாலும் அதன் பழைய எண்ணே. எண்ணுக்கு உரியவர் பெயரில் வீ778 என்ற பத்திரம் வரும். அது பத்து வருடம் செல்லும். அதற்குள் புதுக் காரில் ஏற்றலாம், இல்லாவிட்டால் காலாவதிக்கு முன் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் விட்டால் உரிமை போய்விடும். கழற்றும்போது 80 பவுண் கட்டியதால் ஏற்றும்போது மறுபடி கட்ட வேண்டியதில்லை.

எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கும் நாளில் தம்பி கவனிக்க வேண்டியது என்ன?

விலை பேசும்போதே, இந்த எண் காரோடு வராது என்று டீலரிடம் எழுத்தில் சொல்லிவிடுவது முதல் வேலை. எண்ணைக் கழற்றி, காருக்கு வந்த மாற்று எண்ணில் தகடு பூட்டி, புதிய லாக் புக் வந்த பிறகு கையளித்தால் குழப்பமே இல்லை. தகடு செய்யும் கடை பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். அடையாளமும் உரிமைப் பத்திரமும் காட்டாமல் அவர்கள் செய்து தர மாட்டார்கள். புதுக் காரைப் பதிவதே டீலர் என்றால் வீ778ஐக் கொடுத்து அந்த எண்ணிலேயே பதியச் சொல்லலாம்.

கழற்ற முடியாத நிலைகளும் உண்டு. கார் ஓடும் நிலையில் இருக்க வேண்டும். கடந்த ஐந்து வருடம் தொடர்ந்து வரி கட்டியோ, வீதியில் ஓட்டவில்லை என்று அறிவித்தோ இருக்க வேண்டும். கம்பனிக் கார் என்றால் லாக் புக்கில் உள்ள கம்பனிதான் விண்ணப்பிக்க வேண்டும், ஓட்டுபவர் அல்ல. இன்னொரு விதி, காரை அதன் வயதைவிடப் புதிதாகக் காட்டும் எண்ணை ஏற்ற முடியாது. 2024 என்று காட்டும் எண்ணை 2019 காரில் போட விடமாட்டார்கள். பழைய ஆண்டின் எண்ணைப் புதுக் காரில் போடலாம்.

எண் மாறிய அன்றே இன்சூரன்ஸ் கம்பனிக்கும், லண்டன் நெரிசல் கட்டணத்துக்குத் தானாகப் பணம் போகும் கணக்குக்கும் புதிய எண்ணைக் கொடுக்கச் சொல்லுங்கள். கார் அதேதான், ஆனால் கேமராவுக்கு அது வேறு கார்.

அந்த எண்ணை இங்கே கொண்டுவந்து நம் வண்டியில் போடலாமா?

முடியாது. அந்த உரிமை பிரித்தானியப் பதிவேட்டுக்குள் மட்டும்தான். இலங்கைக்கு வரும் வண்டிக்கு இங்கே பதியும்போது இலங்கை எண்ணே விழும். அலங்காரத்துக்காக அந்தத் தகட்டை இலங்கைத் தகட்டின் மேலோ பக்கத்திலோ பூட்டினாலும் பொலிஸ் நிறுத்தும். வீட்டுச் சுவரில் மாட்டி வைக்கத் தடையில்லை.